பழைய பந்தயக் காரின் முறிந்த அச்சு

அமெரிக்க ‘டிராக்’ பந்தயத்தின் மரபான தூரம் கால் மைல்; ஏறத்தாழ 402 மீற்றர். ஆயினும், பின்னச்சுத் தண்டு பெரும்பாலும் புறப்படும் கணத்திலேயே முறிகின்றது. ரயர் தரையைப் பற்றிக்கொள்ள, பற்சில்லுகளாற் பெருக்கப்பட்ட முறுக்குவிசையைத் தண்டே தாங்க நேர்கின்றது. 1960களின் பிற்பகுதிச் செவர்லே கார்கள் பலவற்றில் அதனை உள்ளே பிடித்திருப்பது சிறு கொளுவி வளையமொன்றே. தண்டு முறிந்தால் சில்லும் அதனோடு வெளியேறிவிடக்கூடும்.

திருத்துபவர் முறிந்த துண்டை எறிந்துவிடலாகாது. அதன் முகத்தில், அலை மணலில் விட்டுச்சென்றவை போன்ற வரிகள் காணப்படின், வெடிப்பு ஒரே ஓட்டத்தில் விளைந்ததன்று, நாளடைவில் வளர்ந்ததாகும். அவ்வாறாயின், முறியாத மறுபுறத் தண்டும் ஐயத்திற்குரியதே.

பழமை பேணுவோர் மூலத் தண்டையே உருக்கி ஒட்டிப் பூட்ட விரும்புவர். காட்சிக்கு நிற்கும் காருக்கு அது பொருந்தலாம், ஓடவிருக்கும் காருக்கன்று. அங்கே பணயம் ஓட்டுநரின் உயிர். கலப்புருக்கிற் செய்த புதிய தண்டுகள் இரண்டையும் பூட்டட்டும். பழையது பட்டறைச் சுவரில் தொங்கட்டும்.