அணைக்கப்பட்ட சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டு வாசலில், வாப்பா விட்டுச் சென்ற அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பொருத்தியது. அந்தக் காரின் உற்பத்தியே 2014ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. விற்றுவிடும்படி பலரும் கூறினர், மனம் ஒப்பவில்லை. வாரத்தில் ஓரிரு முறை கடைத்தெருவரை சென்று வருவதும், உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுமாக அதை வைத்துக்கொண்டிருந்தேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, சாவியைத் திருப்பினால் கார் ஓடும் என்பதற்கு மேல் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் நம் வீடுகளில் சிலருக்கேனும் பயன்படும் என்றே இதனை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம். கார் சற்றுத் தொலைவு ஓடிச் சூடேறியபின், ரயில்வே கேட்டில் நிற்கும்போது முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. எண்ணெய்க் கிண்டியைப் போன்ற படம் அதில் இருந்தது. வேகம் கூடினால் அணைந்துவிடும். நின்றால் மீண்டும் மினுக்கும். எங்கள் பகுதியில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்தே நிமிடம். "சுவிட்சு கோளாறு, சரி பண்ணியாச்சு" என்றார்கள். விளக்கு பிறகு எரியவே இல்லை. செலவும் சொற்பம். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

"கோளாறைச் சரிசெய்தார்களா, விளக்கை மட்டும் அணைத்தார்களா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. அடுப்படியில் இருப்பவளுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். உம்மாவுக்குத் திருநெல்வேலியில் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, காயல்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு கண்ணில் கட்டோடு உம்மா பின் இருக்கையில் சாய்ந்திருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தை நெருங்கியபோது, இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டல் ஓசை எழுந்தது. உரலில் உலக்கை விழுவது போன்ற ஓசை. உடனே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சற்றுத் தள்ளி ஒரு சிறு பட்டறை இருந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்த முதியவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். உம்மாவை வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அமரச் செய்துவிட்டு, அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பாய், ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்புங்க. சிவப்பு லைட்டு எரியுதா?"

எரியவில்லை.

"எரியணுமே!" என்றவர் குனிந்து தேடினார். எண்ணெய் அழுத்த சுவிட்சுக்குச் செல்லும் ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மாட்டியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. என் முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அதன்பின் அவர் காட்டிய ஒழுங்கை நான் மறக்கமாட்டேன். முதலில் அளவுக்கோலை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்த்தார். இரு கோடுகளுக்கும் இடையே சரியாக இருந்தது. முகர்ந்தார்; பெட்ரோல் கலந்திருந்தால் எண்ணெய் நீர்த்து அழுத்தம் குறையுமாம்; அந்த வாடை இல்லை. அடுத்து சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் முள் காட்டும் கேஜ் ஒன்றைத் திருகினார். "சுவிட்சு கெட்டுப்போறதும் உண்டு பாய். ஆனா கேஜ் போட்டுப் பார்க்காம அதைச் சொல்லக்கூடாது" என்றார். தட்டல் கேட்ட இன்ஜினை நெடுநேரம் ஓடவிடலாகாது என்று, சூடு ஆறுவதற்குள் ஒரே நிமிடம் ஓட்டிக் காட்டினார். முள் ஐந்து பவுண்டைத் தாண்டவில்லை. இந்த இன்ஜினுக்குச் சூடான நிலையில் நிற்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டும், ஓடும்போது 50 பவுண்டும் இருக்கவேண்டும் என்றார்.

எனக்குப் புரியும்படி அவர் விளக்கியது இது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறதேயன்றி, அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் நீர் பீறிடுகிறதல்லவா? அதுபோல, சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள தலைமுடியளவு இடைவெளிதான் எண்ணெயைத் தடுத்து அழுத்தத்தைத் தருகிறது. அந்தப் படலத்தின் மீதே தண்டு மிதந்து சுழல்கிறது. தேய்ந்து இடைவெளி பெருகினால், விரலை எடுத்த குழாய்போல் அழுத்தம் விழும். பம்புக்கு எண்ணெய் வந்து சேராவிட்டாலும் விழும்.

அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வை அடுத்துக் கழற்றினார். ஸ்பிரிங் ஒடியவில்லை, தூசும் சிக்கவில்லை. பிறகே அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியாகிய சம்ப்பை இறக்கினார். உள்ளே நான் கண்டது அல்வாவைப் போல் உறைந்த கருஞ்சேறு. பம்பு எண்ணெய் உறிஞ்சும் வலைச் சல்லடை, சேற்றாலும் பழைய கேஸ்கட் பசையின் துணுக்குகளாலும் பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. "எண்ணெய் எப்ப மாத்துனீங்க?" என்றார். விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஓடாத வண்டிக்கு எண்ணெய் எதற்கு மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டேன். அது தவறாம். கடைத்தெருவரை போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு அடைவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து சேறாகிறது. ஆகவே குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரைப் பாராமல் மாதக் கணக்கில் எண்ணெய் மாற்ற வேண்டும்.

பிக் எண்டு பேரிங் ஷெல்களைக் கழற்றியபோது, மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. தண்டில் ஓரிடத்தில் கீறலும் விழுந்திருந்தது. "மே மாசமே வந்திருந்தா சல்லடையைக் கழுவி, புது எண்ணெய் ஊத்தி அனுப்பியிருப்பேன்" என்றார் அண்ணாச்சி. அருகிலிருந்த ஒருவர், கனமான எண்ணெய் ஊற்றினால் போதுமே என்றார். "முள்ளு கொஞ்சம் ஏறும். தேஞ்சது தேஞ்சதுதான்" என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். அதுவும் விளக்கை அணைப்பதற்கு ஒப்பானதே என்பது எனக்கு விளங்கிற்று.

உம்மாவை வேறொரு வாடகைக் காரில் ஏற்றினேன். ஒரு கட்டுச் சொல் கூட அவர்கள் சொல்லவில்லை. "வாப்பாவுடைய வண்டி, பார்த்துச் செய்யச் சொல்" என்று மட்டும் கூறினார்கள்.

இன்ஜினை வெளியே இறக்கி, தண்டைத் திருநெல்வேலி லேத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அரைத்து, அதற்கேற்ற ஷெல்களைப் பொருத்தி, எண்ணெய் செல்லும் துளைகளையெல்லாம் கழுவி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, கேஜில் முள் எழுந்த பிறகே இன்ஜினை உயிர்ப்பித்தார். சூடேறியபின் நிற்கையில் 20, ஓட்டத்தில் 50. ஐந்நூறு கிலோமீட்டரில் மீண்டும் எண்ணெய் மாற்றச் சொன்னார், மாற்றினேன். செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

முதல் பட்டறையின்மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த விளக்கு அணைந்தபோது, எப்படி அணைந்தது என்று கேளாமல் மகிழ்ந்தவன் நான்தானே? வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்காமல் இருந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று கடந்துபோகும் வழக்கமும் எனக்கு இருந்தது. இப்போது அவ்வாறு கடப்பதில்லை. அருகில் சென்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

சிறுவனாக இருந்தபோது ஒன்று கவனித்திருக்கிறேன். வாப்பா காரில் ஏறிச் சாவியைத் திருப்பியதும் உடனே கிளப்பமாட்டார்கள்; ஒரு கணம் முகப்பைப் பார்த்தபடி இருப்பார்கள். பிஸ்மில்லாஹ் சொல்வதற்கான இடைவெளி என்றே எண்ணியிருந்தேன். சொல்லியும் இருப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா, கிளப்பியதும் அணைகிறதா என்று பார்ப்பதும் அந்தக் கணத்தில்தான் நடந்திருக்கிறது. இன்று நானும் அப்படியே ஒரு கணம் காத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவி, "எரிகிறது, கிளப்புங்கள்" என்கிறாள்.