சைலன்சருக்கு ஒரு மடல்

அன்புள்ள சைலன்சரே,

உன் பெயரை ஆய்வுகூடத்தில் முதன்முதலாகக் கேட்டபோது சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். கால் பட்டால் தோல் உரிந்துவிடும். நீயோ ஒரு டிஎன்ஏ துண்டு. மரபணுவுக்கு அருகிலோ தொலைவிலோ இருந்துகொண்டு, "இப்போது கதைக்காதே" என்று அதை அடக்கிவைக்கிறாய். மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சத்தைக் குப்பை என்று சொன்ன காலத்தில் உன்னையும் அதற்குள்தான் தள்ளியிருந்தார்கள்.

சைலன்சரே, நான் உண்பது உன் சோறு. ஓல்டனில் ரயில் ஏறி, ஹௌவன்ஸ்டைன் சுரங்கம் தாண்டி, அரை மணிக்குள் பாசலில் இறங்கி, மனித ஸ்டெம் செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றுகிறேன். நுண்ணோக்கியில் அவை கத்தரித்து வைத்ததுபோல ஓரம் தெளிந்த தீவுகளாகத் தெரியும். நரம்பாக்கும் மரபணுவும் இதயமாக்கும் மரபணுவும் உள்ளேதான் இருக்கின்றன. நீயும் உன் இனத்தாரும் பாலிகோம்ப் புரதங்களை வரவழைத்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோனில் மெத்தில் குறி போடவைத்து, அவற்றை வாய்மூட வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் முழுப்பூட்டு இல்லை. அவற்றில் பலவற்றின் மேல் 'தொடங்கலாம்' என்ற குறியும் கூடவே இருக்கிறது. எங்கள் ஓல்டன் நிலையத்தில் ஆளேற்றிக் கதவடைத்து, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ரயில்தான் நினைவுக்கு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் திரவம் மாற்ற மறந்துபோனேன், சைலன்சரே. மறுநாள் ஒரு தீவின் ஓரம் கரைந்து, செல்கள் தட்டையாகி ஆளுக்கொரு பக்கம் பரவியிருந்தன. பிப்பெட் நுனியால் சுரண்டி எடுத்தேன். நீ எவ்வளவைப் பிடித்துவைத்திருந்தாய் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

சைலன்சரே, பழ ஈக்களுக்கும் உன் கூட்டாளிகளுக்கும் பழைய கணக்கு உண்டு. ஆண் ஈயின் முன்னங்காலில் மட்டும் சீப்புபோல ஒரு மயிர்வரிசை இருக்கும். பாலிகோம்ப் மரபணு பழுதானால் மற்றக் கால்களிலும் சீப்பு முளைத்துவிடும். பெயரே அப்படி வந்ததுதான். பாசல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேரிங் குழுவினர் 1995இல், கண்ணை உண்டாக்கும் மரபணுவை ஈயின் வேண்டாத இடங்களில் பேசவைத்தார்கள். காலிலும் இறகிலும் கண் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சைலன்சரே, மகளுக்காகவும் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். 2004 நவம்பரில் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்து, மிஞ்சிய கருக்களிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஆய்வதை அனுமதித்தார்கள். எனக்கு அப்போது வாக்கு இல்லை; வயிற்றில் அவள் இருந்தாள். அவள் ஐந்தாறு நாள் கருவாக இருந்தபோதே நீ காவலுக்கு வந்துவிட்டாய். பிறகு நேரம் பார்த்து ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாய். கண்ணுக்கு முகத்தில் வழிவிட்டாய், முழங்காலில் விடவில்லை.

நாளை ஞாயிறு. செல்களுக்கு அது தெரியாது. காலை ரயிலில் வருகிறேன்.