என்கிட்டயே காசு கேக்குறியா மச்சான்?

முதல்ல ஒரு கேள்வி. ஃபைபர் படகுக்குப் பூசுற ரெசினை எடுத்து தெர்மகோல் மேல ஊத்தினா என்ன ஆகும்?

தெரியாதவங்க வெட்கப்படாம கையைத் தூக்கலாம். நானும் ஒரு காலத்தில் உங்க கட்சிதான். பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறப்ப, மீன் பெட்டி தெர்மகோலை ஒட்டி, தேய்ச்சுத் தேய்ச்சு ஆறடியில் ஒரு சர்ஃப் போர்டு பண்ணினேன். மாமா ஷெட்ல இருந்து ஒரு டப்பா ரெசினைச் சுட்டுட்டு வந்து மேலே ஊத்தினேன். அவ்வளவுதான்… வெயில்ல வெச்ச குல்ஃபி மாதிரி போர்டு கரைய ஆரம்பிச்சிடுச்சு! பாலியெஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. அது தெர்மகோலைத் தின்னுடும். இந்த ஞானம் எனக்குக் குழி விழுந்த பிறகுதான் வந்தது.

மாமா வந்து பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன். ‘‘மாப்ள… ரெசின் அரை கிலோ எரநூறு ரூபா. அதை மட்டும் எடுத்து வெச்சிடு’’ன்னுட்டுப் போயிட்டார். அன்னிக்கு எனக்குக் கோபம். இன்னிக்கு யோசிச்சா, அந்த ஷெட்ல தொழில் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்!

நான் கோவளத்துப் பையன். கேரளா கோவளம் இல்லீங்க… சென்னையிலேர்ந்து ஈ.சி.ஆர். ரோட்டுல சுமார் நாற்பது கிலோமீட்டர் தெற்கே வந்தா வர்ற கோவளம். அப்பா கடலுக்குப் போறவர். மாமா ஃபைபர் படகு மேஸ்திரி. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க கடற்கரையில கட்டுமரங்கள் குறைஞ்சு ஃபைபர் படகுகள் பெருகிடுச்சு. படகு பெருகினா ஓட்டை பெருகும், ஓட்டை பெருகினா மாமாவுக்கு வேலை. ஸ்கூல் லீவுல எல்லாப் பசங்களும் கிரிக்கெட் ஆட, நான் கண்ணாடி இழை மேட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, ராத்திரி பூரா கையைச் சொறிஞ்சுக்கிட்டு இருப்பேன்.

மூர்த்தி மேகவன் அண்ணன் எங்க ஊர்ல சர்ஃப் ஸ்கூல் ஆரம்பிச்சது 2012-ல். அப்ப நான் டவுசர் பையன். மீனவப் பசங்க நாங்க, அலையைப் பார்த்து பயப்படுற சாதி இல்லை. ஆனா, பலகை? அது எங்க கைக்கு எட்டாத விலை. ‘வாங்க முடியாதுன்னா செஞ்சிடுவோம்’னு கிளம்பினதுதான் அந்தக் குல்ஃபி போர்டு.

அதுக்கப்புறம் வெறி பிடிச்சுக் கத்துக்கிட்டேன். தெர்மகோல்னா எப்பாக்ஸி ரெசின்தான் போடணும். பாலியூரித்தேன் ஃபோம்னா பாலியெஸ்டர் போடலாம். மீன் பெட்டி தெர்மகோல் ரொம்ப லேசு, காலால மிதிச்சா அமுங்கிடும். அதனால, தெர்மகோல் தயாரிக்கிற இடத்துல சொல்லி, அடர்த்தி கூடின பிளாக் வாங்கணும். அதைச் சூடேத்தின கம்பியால ரெண்டு பக்கமும் அச்சு வெச்சு அறுத்தா, வளைவு சும்மா வழுவழுன்னு வரும். நடுவுல மரச் சட்டம் ஒண்ணு வெச்சு ஒட்டணும், அதுதான் போர்டோட முதுகெலும்பு. படகுக்குப் போடுற மேட் இதுக்கு ஆகாது, வெயிட் ஏறிடும். துணி மாதிரி நெய்த கண்ணாடி இழை வேணும். அடியில ஒரு அடுக்கு, கால் வைக்கிற மேல்பக்கம் ரெண்டு அடுக்கு. அப்புறம் தேய்ப்பு… தேய்ப்பு… தேய்ப்பு. யாராவது ‘போர்டு செய்யறது ஒரு கலை’ன்னு சொன்னா நம்பாதீங்க. பத்துல ஏழு பங்கு உப்புத்தாள்தான்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு நாளைக்கே ரெசின் வாங்கக் கிளம்புறவங்களுக்கு. பாலியெஸ்டர் ரெசினுக்கு கோபால்ட், கேட்டலிஸ்ட்னு ரெண்டு பாட்டில் தருவாங்க. அது ரெண்டையும் நேருக்கு நேர் ஒண்ணா ஊத்திடாதீங்க. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒண்ணை ரெசின்ல நல்லாக் கலக்கின பிறகுதான் இன்னொண்ணு. அப்புறம், கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு தேய்க்கிறது வீரம் இல்லை. ஃபில்டர் வெச்ச மாஸ்க் வாங்குங்க. மாமாவோட இருமலை ராத்திரி கேட்டிருந்தா நான் சொல்றது புரியும்.

படிச்சு முடிச்சு, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில பதினொண்ணரை ஆயிரம் சம்பளத்துல வேலை பார்த்தேன். சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் போர்டு ரிப்பேர். பாறையில இடிச்சது, ரெண்டு பேர் மோதிக்கிட்டது, பைக்ல எடுத்துட்டுப் போய் கேட்ல குத்தினதுன்னு வந்துக்கிட்டே இருக்கும். உடைஞ்ச இடத்துல உப்புத் தண்ணி உள்ளே போயிருக்கும். அதை நல்ல தண்ணியில கழுவி, நாள் கணக்கா காய வெச்சு, அப்புறம்தான் கை வைக்கணும். ஈரத்தோட மூடினா உள்ளுக்குள்ளயே விட்டுப் போயிடும். இந்த ரிப்பேர்தான் எனக்குக் காலேஜ். ஊர் ஊரா, நாடு நாடா செஞ்ச போர்டுகளோட உள்ளே என்ன இருக்குன்னு உடைச்சுப் பார்க்கிற வாய்ப்பு வேற எங்கே கிடைக்கும், சொல்லுங்க?

பெங்களூர்லேர்ந்து வாராவாரம் வர்ற ஒரு ஐ.டி. அண்ணன்தான் முதல் கஸ்டமர். ‘‘ஏழடியில ஒண்ணு பண்ணித் தர்றியா தம்பி?’’ன்னார். பதினெட்டாயிரம் சொன்னேன். உடனே சரின்னுட்டார். (உடனே சரின்னு சொன்னா, நாம கம்மியா சொல்லியிருக்கோம்னு அர்த்தம். குறிச்சு வெச்சுக்குங்க.) சாமான் செலவு 13,400. லாபம் 4,600! வீட்டுக்கு பிரியாணி வாங்கிட்டுப் போனேன். வேலையை விட்டுடலாம்னு அம்மாகிட்ட சொன்னேன்.

என் தங்கச்சி பி.காம். படிக்கிறா. லெக் பீஸைக் கடிச்சுக்கிட்டே, ‘‘எத்தனை மணி நேரம் வேலை செஞ்சே அண்ணா?’’ன்னா. கணக்குப் போட்டேன். 46 மணி நேரம். ‘‘பாரிமுனைக்கு பஸ்ல எத்தனை தடவை போனே? கரன்ட்? வெட்டும்போது வீணாப் போன துணி? மாஸ்க் ஃபில்டர்?’’னு ஒண்ணொண்ணா கழிச்சா பாருங்க… கடைசியில நின்னது 2,100 ரூபாய். மணிக்கு 46 ரூபாய்கூட தேறலை. ‘‘ஈ.சி.ஆர்.ல இளநி வெட்டுறவர் உன்னைவிட நல்லா சம்பாதிப்பார்’’னு சொல்லிட்டு அடுத்த பீஸை எடுத்துக்கிட்டா. பிரியாணி எனக்கு இறங்கலை.

ஆனாலும் வேலையை விட்டேன். வயசு அப்படி! அம்மா கழுத்துச் செயினை அடகு வெச்சு 40,000 கொடுத்தாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. அவர் பேசாம இருந்ததுதான் எனக்கு பயம். அந்தப் பணம் அவரோட என்ஜின் சர்வீஸுக்கு இருந்த கடைசி வழி.

மே மாசம் பெங்களூர் அண்ணன் போன் பண்ணினார். ‘‘தம்பி, போர்டு மேல கொப்புளம் வந்திருக்கு.’’ கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்ட காருக்குள்ள மத்தியானம் பூரா போர்டு கிடந்திருக்கு. உள்ளே தெர்மகோல்ல இருக்கிற காத்து சூடாகி, விரிஞ்சு, மேல்தோலைத் தூக்கிடுச்சு. ‘கார்ல யார் வெக்கச் சொன்னது?’ன்னு கேட்கத்தான் வாய் வந்தது. ஆனா, யோசிச்சுப் பார்த்தா… கருநீலத்துல பெயின்ட் அடிச்சுக் கொடுத்தது நான். அடர் நிறம் சூட்டை இழுக்கும். காத்து வெளியேற ஒரு சின்ன திருகு வெச்சிருக்கணும், வெக்கலை. வெயில்ல வைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லலை. இலவசமா தோலை உரிச்சு மறுபடி போட்டேன். சாமான் மட்டும் 3,800. அந்த மாசம் செயினுக்கு வட்டி கட்ட ரிப்பேர் காசுதான் இருந்துச்சு.

அன்னிலேர்ந்து என்கிட்ட வர்றவங்களுக்கு வெள்ளை இல்லேன்னா வெளிர் நிறம்தான். கருப்பு கேட்டா, ‘பாலியூரித்தேன்ல பண்ணித் தர்றேன், விலை கூட’ன்னு சொல்லிடுவேன்.

கலிஃபோர்னியா கதை ஒண்ணு கேளுங்க. ஹோபி ஆல்டர்னு ஒருத்தர் லகுனா பீச்ல தன் வீட்டு கராஜ்ல பால்சா மரத்துல போர்டு செதுக்கி ஆரம்பிச்சவர். 1954-ல் டானா பாயின்ட்ல கடை போட்டார். 1958 வாக்கில் கார்டன் கிளார்க்கோட சேர்ந்து ஃபோம் போர்டுக்கு மாறினார். அந்த கிளார்க் பின்னாடி தனியா ஃபோம் கம்பெனி வெச்சார். அமெரிக்காவுல போர்டு செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க அவர்கிட்டதான் ஃபோம் வாங்கினாங்க. 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை… திடீர்னு இழுத்து மூடிட்டார்! நாளைக்கு செதுக்க ஃபோம் இல்லாம ஆளாளுக்குத் தலையில கை வெச்சுட்டு உட்கார்ந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரியே, நான் ஃபைபர் துணி வாங்குற ரெண்டாவது கடையைத் தேட ஆரம்பிச்சேன். (ஹோபி பின்னாடி செஞ்ச பாய்மரப் படகுக்கு ‘ஹோபி கேட்’னு பேரு. அந்த ‘கேட்’ பூனை இல்லை பாஸ், கேட்டமரான். அதாவது, நம்ம கட்டுமரம்! அப்பாகிட்ட சொன்னேன். ‘‘அப்போ அவன்கிட்ட ராயல்டி கேளு’’ன்னார். மூணு மாசத்துல அவர் என்கிட்ட சிரிச்சுப் பேசினது அன்னிக்குத்தான்.)

பேங்க் விஷயமும் சொல்லணும். முத்ரா லோன்ல ‘சிசு’ன்னு ஒரு வகை, 50,000 ரூபாய் வரைக்கும், ஜாமீன் சொத்து கேட்கிறதில்லை. ‘சர்ஃப் போர்டு செய்யறேன் சார்’னு சொன்னேன். ‘சர்ஃப் பவுடரா?’ன்னார் அதிகாரி. சத்தியமா! அடுத்த வாரம் தங்கச்சி எழுதிக் கொடுத்த பேப்பரோட போனேன். அதுல ‘ஃபைபர் கிளாஸ் பழுது பார்த்தல் மற்றும் தயாரிப்பு’ன்னு இருந்தது. ஆறு மாச ரிப்பேர் பில் எல்லாம் தேதி வாரியா பின்னாடி இருந்தது. மனுஷனுக்கு உடனே புரிஞ்சிடுச்சு. உண்மையும் அதுதானே? என் வருமானத்துல பாதிக்கு மேல ரிப்பேர்தான். போர்டு செய்யறேன்னு சொல்லிக்கிறது கெத்து. ஆனா, அடுப்பு எரியறது ஓட்டை அடைக்கிற காசுல. செயின் மீண்டதும் அந்தக் காசுலதான்.

இப்போ ஒரு போர்டுக்கு 31 மணி நேரம் ஆகுது. விலை 32,000. பாதி அட்வான்ஸ் கைக்கு வராம கம்பியைச் சூடு பண்றதில்லை. 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சே, நம்ம ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயிச்சாரே… அதுக்கப்புறம் புதுசா கத்துக்க வர்ற பசங்க பலபேர் விசாரிக்கிறாங்க. விசாரிக்கிற எல்லாரும் வாங்குறதில்லை, அது வேற.

இதுல எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை தேய்ப்பு இல்லை. என் கூடவே வளர்ந்த ஒருத்தன் இருக்கான். அந்தக் குல்ஃபி போர்டுக்கு மீன் பெட்டி பொறுக்கிக் கொடுத்தவன். அலையில எங்க எல்லாரையும்விட கில்லாடி. அவனுக்கு ரெண்டு போர்டு சும்மாவே செஞ்சு கொடுத்திருக்கேன். போன மாசம் மூணாவது கேட்டான். நான் தங்கச்சி நோட்டைத் திறந்து, சாமான் செலவையும் என் கூலியையும் காட்டினேன். கூலியில பாதி தள்ளுபடி, மீதியைக் கொடுன்னேன்.

‘‘என்கிட்டயே காசு கேக்குறியா மச்சான்?’’

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. நாலு நாள் அவன் பேசலை. பீச்ல பார்த்தா அந்தப் பக்கம் நடந்தான். எனக்கு ‘சரி, சும்மாவே குடுத்துடுவோம்’னு ஆயிடுச்சு. நோட்டைக் கிழிச்சிடலாமான்னுகூட நினைச்சேன்.

அஞ்சாம் நாள் காலையில ஷெட்டுக்கு வந்தான். சட்டைப் பாக்கெட்ல இருந்து மீன் வாடையோட ஏழாயிரம் ரூபாயை எடுத்து மேஜை மேல வெச்சான். ‘‘மீதி அடுத்த பாட்டுல தர்றேன். கணக்குல எழுதிக்கோ’’ன்னான். அப்புறம் பிளாக்கைத் தட்டிப் பார்த்துட்டு, ‘‘வால் பக்கம் இன்னும் அரை இன்ச் அகலம் வேணும். காசு கொடுத்திருக்கேன்ல… இந்தத் தடவை நான் சொல்ற மாதிரிதான் செய்யணும்!’’

செஞ்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டான்.