எட்டுத் தறிச் சத்தம்

"அப்பாருக்குத் தறிச் சத்தத்துல காது மரத்துப்போச்சு" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். திருப்பூர் மங்கலம் பக்கம் எட்டு விசைத்தறி ஓடிய குடோனை ஒட்டி அவர் கட்டில். விடிய விடிய நாடா அடிக்கும், அவர் குறட்டை விடுவார். கரண்ட் போனதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மரத்துப்போன காதுக்குச் சத்தம் நின்றது மட்டும் எப்படித் தெரிந்தது? வீட்டார் சொன்ன காரணம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தறி இரைச்சல் உட்காதின் மயிர்ச்செல்களைக் கொல்லும், செத்தவை திரும்ப முளைக்காது என்பது உண்மைதான். ஆனால் அது அவர் விழித்ததற்குக் காரணமாகாது. காதை விட்டு மூளைப் பக்கம் தேடியபோது ஃபின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாட்டானென் கிடைத்தார். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது நடுவே வேறொன்று புகுந்தால், மூளையில் 100 முதல் 250 மில்லி நொடிக்குள் ஒரு மின் அலை எழும் என்று அவரும் இரு சகாக்களும் 1978-இல் எழுதினார்கள். கேட்பவர் புத்தகத்தில் மூழ்கியிருந்தாலும் அது எழும். அடுத்து வரப்போவதை மூளை முன்கூட்டியே கணித்து வைக்கிறது. வரவேண்டிய ஒலி வராமல் போனாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

விடை கிடைத்த சந்தோஷத்தை 1997-இல் யாபே என்ற ஆய்வாளரின் குழு செய்த சோதனை கலைத்தது. ஒலிகள் சுமார் 150 மில்லி நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்தால்தான், விடுபட்ட ஒலிக்கு அந்த அலை எழுகிறதாம். சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தாலும் அரை நொடிக்கு ஒன்றுதான். கணக்கு உதைத்தது.

அப்பாரு காலத்துத் தறி ஃபிட்டர் ஒருவரிடம் போனேன். மூளை, மின் அலை எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எப்படிச் சுற்றி வளைத்தாலும் ஒரே பதில். "ஒத்தத் தறி நின்னா எவனும் எந்திரிக்க மாட்டானுங்க தம்பி. எட்டும் சேந்து ஓடோணும், சேந்து நிக்கோணும்."

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. எட்டுத் தறி, நொடிக்கு இரண்டு அடி, ஆக 16 அடி. சராசரி இடைவெளி சுமார் 60 மில்லி நொடி! யாபேயின் எல்லைக்குள் தாராளமாக அடங்குகிறது. ஒரு தறியை வைத்து நான் போட்ட கணக்கை அந்த மனிதர் ஒற்றைப் பிடிவாதத்தால் திருத்திவிட்டார்.

ஆனாலும் அந்தச் சோதனைகள் விழித்திருந்தவர்களிடம் நடந்தவை. ஆழ்ந்த தூக்கத்தில் இந்த அலை மங்கிவிடும். ஒலி முடிந்ததும் துடிக்கும் நரம்புச் செல்களும் மூளையில் உண்டு, அப்பாருவை எழுப்பியதில் அவற்றின் பங்கும் இருக்கலாம். அதனால் மறுபடி ஃபிட்டரிடம் போய், ஆள் விழித்திருக்கும்போது எட்டில் ஒன்று நூல் அறுந்து நின்றால் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தத் தறின்னே சொல்லிப்போடுவனுங்க" என்றார். ஒவ்வொரு தறிக்கும் அடி விழும் சத்தம் வேறாம். 16 அடி 14 ஆகும் அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.