கருவிக்கோர் இலக்கணம்

இக்கல்லூரியை விட்டு நான் வெளியேறிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. ஆயினும், ஆண்டுமலர் என் கைக்கு வரும்போதெல்லாம் பழைய தமிழ் வகுப்பும் அதன் நீண்ட விசிப்பலகைகளும் என் கண்முன் தோன்றாமலிருப்பதில்லை. அவ்வகுப்பில் நான் சிறந்த மாணாக்கனல்லேன். இலக்கணம் என்றால் எனக்கு அச்சம். அச்சத்தினும் அயர்ச்சியே மிகுதி. ஒருநாள் எங்கள் ஆசிரியர் நன்னூலைக் கையிலெடுத்து, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்குமாயின் வழுவாம் என்று விளக்கிய பின்னர், "அவன் வந்தாள் என்பதில் யாது வழு?" என்று என்னை வினவினார். "பால் வழு, ஐயா" என்றேன். "நன்று. நேற்று நான் வகுப்புக்கு வந்தேன் என்பதில்?" என்றார். "வழுவொன்றுமில்லை, ஐயா" என்றேன். "ஆனால், நேற்று நீ வரவில்லையே, தம்பி!" என்றார். வகுப்பு முழுவதும் நகைத்தது, நானும் நகைத்தேன். அந்நகைப்பின் பொருள் எனக்கு முற்றும் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அது விளங்கிய வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

கணினி வலையமைப்புகளைப் பேணுதல் என் தொழில். ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்சு. ஒரு வலையமைப்பை மற்றொன்றோடு இணைப்பது ரௌட்டர். எத்தகவல் எவ்வழிச் செல்லவேண்டும், எது செல்லலாகாது என்பவற்றையெல்லாம் நாமே இக்கருவிகளுக்குச் சொல்லுதல் வேண்டும். நான் தொழில் கற்ற நாளில், கட்டளைகளை ஒவ்வொரு வரியாகத் தட்டெழுதுவதே வழக்கமாயிருந்தது. ஒரு நிறுவனத்தார் செய்த கருவிக்குரிய கட்டளை மற்றொருவர் கருவிக்குப் பொருந்தாது. ஆதலின், கட்டளைகளை மிகுதியாக மனப்பாடம் செய்தவனே வல்லவன் என்று மதிக்கப்பட்டான். நானும் அவ்வாறு மதிக்கப்பட்டேன். சிறிது செருக்கும் உற்றேன்.

2013ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையின் வலையமைப்பு எங்கள் பொறுப்பில் இருந்தது. இரு சுவிட்சுகளை இணைக்கும் ஒரே கம்பியில், பல பிரிவுகளின் தகவல்களை ஒன்றோடொன்று கலவாமற் செலுத்துவதற்கு வீலான் என்னும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு வீலானுக்கும் 1 முதல் 4094 வரையுள்ள எண்களுள் ஒன்று உரியது. நோயாளர் விடுதிக்கு ஓர் எண், ஆய்வுக்கூடத்திற்கு ஓர் எண், மருந்தகத்திற்கு ஓர் எண், கருவிகளைத் தொலைவிலிருந்து ஆள்வதற்கென ஓர் எண் என்று வகுத்திருந்தோம். அக்கம்பியில் எவ்வெண்கள் செல்லலாம் என்பதற்குக் கருவியில் ஒரு பட்டியல் உண்டு. புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு பிரிவின் எண்ணை அப்பட்டியலிற் சேர்க்கும் வேலை ஓரிரவு என்னிடம் வந்தது. அக்கட்டளையின் இடையில் 'சேர்' என்னும் பொருளுடைய ஒரு சிறு சொல்லைத் தட்டெழுதவேண்டும். அதனை விடுத்தால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து, புதிய எண் ஒன்றே எஞ்சும். இதனை நான் நன்கறிவேன். அறிந்திருந்தும், அவ்விரவில் அச்சொல்லை விட்டுவிட்டேன்.

கருவி மறுக்கவில்லை, எச்சரிக்கவுமில்லை. என் திரை மட்டும் அசைவற்று நின்றது. கருவியை ஆள்வதற்குரிய எண்ணும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டபடியால், பிழையைத் திருத்தும் வழியும் அடைபட்டது. கன்சோல் கம்பியை எடுத்துக்கொண்டு, ஓர் ஆட்டோவைப் பிடித்து விரைந்தேன். நான் சென்று பழைய பட்டியலைத் திரும்ப எழுதி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கிடையில், குருதி ஆய்வின் முடிவைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு செவிலியர் ஒருவர் மாடிப்படிகளில் ஓடியதை என் கண்ணாற் கண்டேன். நல்வேளையாக எவர்க்கும் தீங்கு நேரவில்லை.

மறுநாள் அறிக்கை கேட்டனர். "கருவியின் கோளாற்றினால் இணைப்பு அறுந்தது, பின்னர்ச் சீர்செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வாக்கியத்தில் எழுவழுவுள் ஒன்றும் இல்லை. அதனை நம்பி, பழுதற்ற அச்சுவிட்சைக் கழற்றி ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தினர். அதனைத் தேர்ந்து நிறுவியிருந்த இளைஞரொருவர் கடிந்துகொள்ளப்பட்டார். அவர் என்னினும் இளையவர். என்னிடம் தொழில் கற்றவர். நான் வாய் திறக்கவில்லை.

2017இல், கருவிகளைக் கையாற் கட்டளையிடாது நிரல்களால் ஆளும் முறையைக் கற்கவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. அப்போதுதான் யாங் என்னும் தரவு மாதிரி மொழியை அறியலானேன். 'இன்னுமோர் அடுத்த தலைமுறை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால், சிறிது நகைச்சுவையோடு அமைந்த பெயர் அது. அம்மொழி பிறந்த காரணத்தை ஆராய்ந்தபோது என் பழைய அறிக்கை என் நினைவுக்கு வந்தது.

1988இல் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. என்னும் முறை, கருவிகளின் நலத்தை உசாவி அறிவதற்குப் பெரிதும் பயன்பட்டது. அவற்றை அமைப்பதற்கோ பெரும்பாலார் அதனைக் கொள்ளவில்லை. 2002 ஜூன் மாதத்தில், அமெரிக்க நாட்டு விர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் நகரில், இணையக் கட்டமைப்பு வாரியத்தார் வலையமைப்புகளை நடத்துவோரையும் நெறிமுறைகளை வகுப்போரையும் ஒருங்கே கூட்டினர். அக்கூட்டத்தின் செய்தி 2003இல் ஆர்.எப்.சி. 3535 என்னும் எண்ணோடு வெளியாயிற்று. நடத்துவோர் வேண்டியவற்றுள் ஒன்று என் நெஞ்சைத் தைத்தது. நாம் கருவிக்கு இட்ட அமைப்பு வேறு. கருவி இருக்கும் நிலை வேறு. அது எண்ணிக்காட்டும் கணக்கு வேறு. இம்மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டவேண்டும் என்பதே அது. அதன்பின் 2006இல் நெட்கான்ஃப் என்னும் நெறிமுறையும், 2010இல் ஆர்.எப்.சி. 6020 ஆக யாங் மொழியும் வெளிவந்தன. யாங்கின் 1.1 பதிப்பு 2016இல் ஆர்.எப்.சி. 7950 ஆக வந்தது.

இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர். நெட்கான்ஃப் செய்தியைச் சுமந்து செல்லும் தூதன்; அச்செய்தி எவ்வாறு அமைதல் வேண்டும் என்று வகுக்கும் இலக்கணம் யாங். 2017இல் வெளிவந்த ரெஸ்ட்கான்ஃப் என்னும் வேறொரு தூதனும் அதே இலக்கணத்தைக் கொண்டு பணியாற்றுவான்.

இவ்விலக்கணத்தின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். கருவியின் போர்ட் முதலிய இணைப்புமுகங்களுக்கென ஒரு பொது மாதிரி 2014இல் வெளியாகி, 2018இல் திருத்தம் பெற்றது. அதில், முகங்கள் யாவற்றையும் அடக்கிய கொள்கலம் ஒன்று. அதனுள் ஒரு பட்டியல். பட்டியலின் உறுப்புகளை வேறு பிரித்தறிவதற்குப் பெயரே திறவுகோல். ஒவ்வோர் உறுப்பினுள்ளும் 'இலை' எனப்படும் தனி மதிப்புகள். ஒவ்வோர் இலைக்கும் வகையும் எல்லையும் விதிக்கலாம். ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிக்குரிய மாதிரியில், முன்னொட்டின் நீளம் 0 முதல் 32 வரை என்று விதிக்கப்பட்டுளது. எவரேனும் 33 என்று எழுதுவாராயின் அஃது 'அவன் வந்தாள்' என்பது போன்ற வழு. கருவி அதனை ஏலாது மறுக்கும். இல்லாத ஒன்றைச் சுட்டலாகாது என்றும், ஒன்று உளதாயின் மற்றொன்றும் இருத்தல் வேண்டும் என்றும் விதிகள் அமைக்கலாம்.

இணைப்புமுக மாதிரியில் இரண்டு இலைகளை நான் மறப்பதில்லை. ஒன்று, இம்முகம் இயங்குக என்று நாம் பணித்தோமா என்பதைக் காட்டுவது. அதற்கு ஆம், இல்லை என்னும் இரண்டே மதிப்புகள். மற்றொன்று, அது மெய்யாகவே இயங்குகின்றதா என்று கருவி தானே கண்டு கூறுவது. அதற்கு ஏழு மதிப்புகள் உள. முன்னதை நாம் எழுதலாம். பின்னதை வாசிக்கவே இயலும். கம்பி அறுந்துழி, முன்னது ஆம் என்றும் பின்னது இயங்கவில்லை என்றும் நிற்கும். சொன்னவனிடத்தில் குற்றமா, கேட்ட கருவியிடத்தில் குற்றமா என்பது அப்போதே வெளிப்படும். இப்பிரிவினையை நான் முதன்முதலில் வாசித்தபோது, என் அறிக்கையில் நான் செய்தது யாது என்பதும் வெளிப்பட்டது. நான் பணித்ததைக் கருவி அணுவும் பிசகாமற் செய்தது. என் பணிப்பைக் கருவியின் நிலை என்று எழுதி, இரண்டையும் வேண்டுமென்றே மயங்கவைத்தேன்.

நெட்கான்ஃப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் என்னை வருத்தின. ஒரு மாற்றத்தைத் தூதனிடம் கொடுத்து, வேறொன்றும் சொல்லாதிருப்போமாயின், அவன் அதனை உள்ளதனோடு சேர்ப்பான். பழையதை நீக்கிப் புதியதை வைத்தல் வேண்டுமாயின், அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும். நான் கையாண்ட கட்டளையில் ஒரு சொல்லை மறந்தால் அழிவு. இங்கே மறந்தால் சேர்க்கை. மேலும், சில கருவிகள் உறுதிப்பாடு வேண்டும் முறையை ஏற்கும். மாற்றத்தைச் செய்தபின், குறித்த காலத்துள் மீண்டும் உறுதி கூறாவிடில், கருவி தானே பழைய அமைப்புக்குத் திரும்பும். வேறு காலம் குறியாவிடில் அஃது 600 நொடி. அவ்விரவில் இம்முறை இருந்திருக்குமாயின், என் ஆட்டோ பாதி வழி செல்லுமுன்னரே மருத்துவமனை மீண்டிருக்கும்.

இவற்றைக் கற்ற மாதத்திலேயே, என் மேலதிகாரியிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, நாலு வருஷம் அந்தப் பையன் பேருக்கு எதிரே அது கிடக்கிறது" என்றார். அதனினும் கடிய சொல்லை நான் கேட்டதில்லை. பழைய அறிக்கையைத் திருத்தி எழுதிக் கையொப்பமிட்டேன். அவ்விளைஞர் அதற்குள் வேறிடம் சென்றிருந்தார். அவருக்கும் கடிதம் எழுதினேன். "அந்த சுவிட்சில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும், அண்ணா, ஆனால், காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் விடை வந்தது. அக்கடிதம் இன்றும் என்னிடம் உளது.

இக்கல்வியை மேற்கொள்ளும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிப்பேன். யாங்கும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பொது மாதிரிகள் ஒருபுறமிருக்க, கருவி செய்வோர் தத்தமக்கென வேறு மாதிரிகளும் வகுத்துளர். அவை ஒரு மொழியின் வட்டார வழக்குகள் போல்வன. அன்றியும், 210 என்னும் வீலானைச் சேர்க்கவேண்டிய இடத்தில் 120 என்று எழுதினால், இரண்டும் எல்லைக்குட்பட்ட எண்களாதலின் இலக்கணம் அதனை ஏற்றுக்கொள்ளும். வழுவைத் தடுப்பதும், நாம் சொன்னதையும் கருவி கண்டதையும் வேறு வேறாக நிறுத்துவதும் இலக்கணத்தின் வேலை. அவ்விரண்டையும் வாசித்து, உள்ளபடி அறிக்கை எழுதுவது நம் வேலை. நேற்று நான் வகுப்புக்கு வந்தேன் என்னும் வாக்கியத்தை மெய்யாக்க நன்னூலாலும் ஆகாது என்பதையே எங்கள் ஆசிரியர் அன்று கூறினார். நான் அதனை ஒரு மருத்துவமனையின் மாடிப்படியிற் கற்றேன். நீங்கள் வகுப்பறையிலேயே கற்றுக்கொள்வீர்களாக.

பழைய மாணவன் ஒருவன்