நஞ்சம்மா: பாட்டு, படம், பட்டயம்

கோயமுத்தூரில் இருந்து ஆனைகட்டிக்கு பஸ் ஏறினால், ரோடு முடிகிற இடத்தில் மாநிலமும் முடிந்துவிடும். அந்தப் பக்கம் அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டம். மலை மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாதிரியே, அங்கேயும் யாரும் எல்லைக் கோட்டைப் பார்த்துப் பேசுவதில்லை. தமிழ், மலையாளம், இருளம், எது வாயில் வருதோ அதுதான் பாஷை.

இன்னைக்கு எழுத வந்தது அந்த அட்டப்பாடியில் இருக்கிற நஞ்சம்மாவைப் பத்தி. பேரைச் சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது. 'கலக்காத்த' பாட்டுன்னு சொல்லிப் பாருங்க, உங்க வீட்டுப் பசங்களே பாடிக் காட்டுவாங்க :-)

2020 பிப்ரவரி 7 அன்று 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படம் வெளியானது. பிருத்விராஜும் பிஜு மேனனும் மோதிக்கொள்ளும் கதை, நடப்பதும் அட்டப்பாடியில்தான். பிஜு மேனனோட மனைவி கண்ணம்மா பழங்குடிப் பெண். அந்தக் கண்ணம்மாவின் அம்மாவாக வருகிறவர்தான் நஞ்சம்மா. மேக்கப், பயிற்சி எதுவும் கிடையாது. ஊரில் எப்படி இருப்பாரோ அப்படியே திரையிலும் இருக்கிறார். படத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வீடியோ வந்தது. பிருத்விராஜ் யாருன்னு தெரியுமான்னு டைரக்டர் சச்சி கேட்பார். தெரியாதுன்னு சிரிப்பார் இந்தம்மா. அந்தச் சிரிப்புக்கே பாதிப் பேர் விழுந்துட்டாங்க.

அப்போது வயசு அறுபதை ஒட்டி. நக்குப்பதி ஊரில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர். அட்டப்பாடியில் 'ஊரு' என்றால் பழங்குடிக் குடியிருப்பு, அதுக்குத் தலைவர் மூப்பன். பிறந்தாலும் செத்தாலும் அங்கே பாட்டு உண்டு. பொறை, தவில், கொகல், ஜாலரா இதெல்லாம்தான் வாத்தியம். இப்படிக் கேட்டுக் கேட்டு வந்த பாட்டைத்தான் பழனிசாமி நடத்தும் ஆசாத் கலைக்குழுவோடு மேடைகளில் பாடி வந்தார். சச்சி கண்டுபிடித்தார்னு பத்திரிகையில் எழுதறாங்க. அவர் பல வருஷமாப் பாடிக்கிட்டுத்தான் இருந்தார். நாம கேட்கத்தான் லேட்.

'கலக்காத்த' பாட்டு ஒண்ணும் பெரிய தத்துவம் இல்லை. கிழக்கே சந்தன மரம் பூத்திருக்கு, ஆகாசத்தில் விமானம் போகுது பாருன்னு குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற பாட்டு. இருள மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. தமிழுக்கு ரொம்பப் பக்கத்து மொழி, காதைத் தீட்டிக் கேட்டால் பாதி வார்த்தை நமக்கே புரியும். எழுதி வைக்காத அந்தப் பாட்டு படத்தில் வந்தபோது, இசை ஜேக்ஸ் பிஜாய் என்று போட்ட மாதிரியே வரிகள் நஞ்சம்மா என்றும் போட்டார்கள். நாட்டுப்புறப் பாட்டை எடுத்துக்கொண்டு பாடினவரை மறந்துவிடுகிற சினிமாவில் இது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜூலை 22 அன்று தேசிய விருது அறிவிப்பு. 'சூரரைப் போற்று'க்காக சூர்யா, அபர்ணா பாலமுரளி எல்லாம் வாங்கினாங்களே, அதே வருஷம். சிறந்த பின்னணிப் பாடகி: நஞ்சம்மா. உடனே ஒரு சர்ச்சை. முறையாக சங்கீதம் கற்காதவருக்கு, சுருதி சேர்த்துப் பாட வராதவருக்கு விருதா என்று ஒரு இசைக்கலைஞர் கேட்டார். அல்போன்ஸ் ஜோசப், ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் போன்றவர்கள் நஞ்சம்மா பக்கம் நின்றார்கள். எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தக் காட்சிக்கு அந்தக் குரல் தவிர வேறு குரல் பொருந்துமா என்று யோசித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

செப்டம்பர் 30 அன்று டெல்லியில் அந்த விருதைக் கொடுத்தவர் ஜனாதிபதி திரௌபதி முர்மு, சந்தாலி பழங்குடிப் பெண். சபையே எழுந்து நின்று கைதட்டியது. சிறந்த டைரக்டர் விருது வாங்க வேண்டிய சச்சி மட்டும் அங்கே இல்லை. 2020 ஜூன் 18 அன்றே போய்விட்டார்.

இதோடு முடித்தால் நல்ல சினிமாக் கதை. ஆனால் வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா?

விவசாயக் கடன் கேட்டு வருகிறவரிடம் வங்கியில் முதலில் என்ன கேட்போம்? பட்டயம் எங்கே, கரம் கட்டின ரசீது எங்கே. உழுகிறீர்களா என்பது அப்புறம்தான். காகிதம் யார் கையில் இருக்கிறதோ, நிலமும் அவர் கணக்கில். அட்டப்பாடியில் 1951 கணக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடிகள். 2001-ல் பாதிக்கும் கீழே. இந்த ஐம்பது வருஷத்தில் நிலம் எப்படிக் கை மாறியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கை மாறிய நிலத்தை மீட்டுக் கொடுக்க கேரளாவில் 1975-லேயே சட்டம் வந்தது. ஒழுங்காக அமல் ஆகவில்லை. 1999-ல் வேறொரு சட்டம்: 2 ஹெக்டேர் வரை வாங்கினவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு மாற்று நிலம் தருவோம் என்று. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் சரி என்றது.

நஞ்சம்மாவின் கணவர் குடும்பத்து நிலமும் அகளியில் இப்படி ஒரு தகராறில் மாட்டியிருக்கிறது. எங்கள் நிலம், போலி ஆவணத்தால் போனது என்கிறார் அவர். முறைப்படி வாங்கினோம், பத்திரம் இருக்கிறது என்கிறது எதிர்த்தரப்பு. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. தேசிய விருது வாங்கின பிறகும் அந்தம்மா இதற்காக ஆபீஸ் ஆபீஸாக நடந்த செய்தி வந்துகொண்டிருந்தது, அதுதான் மனசை அறுக்குது. ஊர் உலகம் அறிந்த முகத்துக்கே இந்த நடை என்றால், பக்கத்து ஊருவில் பேர் தெரியாத ஒரு பாட்டிக்கு?

அடுத்த முறை பசங்க அந்தப் பாட்டைப் போட்டால், கூடவே இந்த நிலத்துக் கதையையும் சொல்லுங்க. பாட்டில் எத்தனை வார்த்தை தமிழ் மாதிரி கேட்குதுன்னும் எண்ணச் சொல்லுங்க. எங்க வீட்டில் ஏழு வரை வந்தது!