ஒற்றையா, இரட்டையா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாட் காலை, நம் வீட்டு வாயிலில் பூத்திருந்த செம்பருத்தி வெளுத்துப் போயிருக்கக் கண்டோம். இலை பசுமையாகவே இருந்தது. பூ மட்டும் செங்கற்றூளை நீரிற் கரைத்தாற்போல் மங்கி நின்றது. இடக்கண்ணை மூடி வலக்கண்ணாற் பார்த்தோம். பழைய சிவப்பே தெரிந்தது. வலக்கண்ணை மூடினோம், மீண்டும் வெளுப்பு. பழுது பூவில் இல்லை, நம்மிடத்திலேயே உள்ளது என்பது அப்போதுதான் விளங்கிற்று. விழியை அசைத்தால் உள்ளே வலித்தது. சில வாரங்களில் பார்வை தெளிந்துவிடவே, நாம் அதனை மறந்துவிட்டோம்.

பிறகு, வகுப்பில் எழுதும்போது சுண்ணக்கட்டி விரலினின்று நழுவலாயிற்று. காலணி மாட்டத் தலை குனிந்தால், கழுத்திலிருந்து முதுகு வழியே மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் அதிர்வு. வெந்நீரிற் குளித்தெழுந்தால் கால் தளரும்; நடுப்பகல் வெயிலிற் பள்ளித் திடலைக் கடந்தால் கண் மங்கும்; நிழலிற் சற்று அமர்ந்தால் எல்லாம் தெளியும். இவையெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் என்று நமக்குத் தோன்றவில்லை. வைத்தியர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். தோட்டத்திலிருக்கும் நம் அன்னையார் காற்றுச்சேட்டை என்று கறுப்புக் கயிறு மந்திரித்து அனுப்பினார்கள். இருவரும் நம் நன்மையையே நாடினர். ஆயினும், காரணம் யாதென்று இருவருமே தேடவில்லை.

இறுதியில் நரம்பியல் டாக்டரிடம் சென்றோம். மூளையையும் தண்டுவடத்தையும் காந்தக் கருவியாற் படம் எடுத்தார்கள். முதுகிலிருந்து சிறிது நீர் எடுத்துச் சோதித்தார்கள். ‘மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்’ என்றார் டாக்டர். பல இடங்களில் வடுத் தடித்தல் என்பது அதன் பொருள். பாரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாகப் பிரித்து விளக்கினார்.

ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நமக்கு இந்நோயை விளங்கிக்கொள்வது கடினமன்று. மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் உறை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய நம் உடற்காவலரே அவ்வுறையைப் பகையென்று மயங்கி அரிக்கின்றனர். உறை கிழிந்த இடத்திற் செய்தி தடுமாறுகிறது. கண்ணின் நரம்பிற் கிழிந்தால் நிறம் மங்கும், கழுத்துத் தண்டுவடத்திற் கிழிந்தால் முதுகில் அதிர்வு பாயும். குளிர்நாடுகளில் இது மிகுதி, நம் நாட்டில் அரிது. ஆண்களினும் பெண்களையே மிகுதியாகப் பற்றும். எப்ஸ்டைன்-பார் என்னும் கிருமி தொற்றியவர்க்கே இது பெரும்பாலும் வருகிறதென்று, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து 2022-இல் அறிஞர் காட்டினர். அக்கிருமியோ உலகில் பெரும்பாலோரைத் தொட்டது. அவருள் மிகச் சிலர்க்கே இந்நோய் வருகிறது. முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன.

நிற்க. டாக்டர் நம் கையில் ஒரு தாட்கட்டைக் கொடுத்தார். புதிய மருந்தொன்றை வழக்கிலுள்ள மருந்தோடு ஒப்பிடும் ஆராய்ச்சி அது. யாருக்கு எம்மருந்து என்பதைக் கணினி சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்யும். நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நம் இல்லாள் அதைக் கேட்டதும், “உங்களை எலியாக்கவா பார்க்கிறார்கள்?” என்றாள். அவ்வினாவை நாம் ஒதுக்கிவிடவில்லை.

ஏனெனில், இத்தகைய சோதனை இம்மண்ணுக்குப் புதிதன்று. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாயும் பெரிபெரி நோய் ஒரு காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளரை வாரிக் கொண்டுபோயிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் அது அரிதாயிருந்ததை டாக்டர் பிராடன் கண்டு சொன்னார். 1905-ஆம் ஆண்டில் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி, ஒற்றை எண்ணினரை ஒரு கூடத்திலும் இரட்டை எண்ணினரை மற்றொரு கூடத்திலும் இருத்தினார். ஒரு கூடத்துக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவருட் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர் காக்கப்பட்டனர். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குவதே காரணம் என்று பின்னர் விளங்கிற்று.

அவ்வுண்மையால் எண்ணற்றோர் பிழைத்தனர். எனினும், ஒற்றையா இரட்டையா என்று நிறுத்தப்பட்ட அம்மனிதரிடம் சம்மதம் கேட்டார் எவருமில்லை. அவர்கள் பெயரையும் நாம் அறியோம்.

இன்றோ, 1947-இன் நியூரம்பர்க் நெறிகளும் 1964-இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும், விளங்கிக்கொண்டு தரும் சம்மதமின்றி எவரையும் இவ்வாறு சோதித்தலாகாது என்கின்றன. தாளை நான்கு முறை படித்தோம். மருந்தின் தீங்குகள் யாவை? நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? நோய் முற்றினால் மருந்தை மாற்றுவார்களா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இவற்றை எழுதிக் கேட்டோம். எழுத்திலேயே விடையும் பெற்றோம். ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்திற்று. ஆராய்ச்சியிற் சேர்ந்தால் மருந்து இலவசம். நாம் சம்மதிப்பது அறிவினாலா, பையின் வறுமையினாலா? பொருள் இருந்தால் என்ன செய்வோம் என்று இரண்டு இரவு நம்மையே வினவினோம். அப்போதும் சேர்வோம் என்றே உள்ளம் சொல்லிற்று.

தோட்டத்துக்குச் சென்று எல்லாவற்றையும் அன்னையாருக்குத் தமிழிற் படித்துக் காட்டினோம். பெரிபெரிக் கதையையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்து, “உன் தாத்தா காலத்தில் நம்மை யாரும் கேட்டுச் செய்ததில்லை, ஐயா. உன்னைக் கேட்கிறார்கள். உனக்கு விளங்கினால் போடு கையெழுத்தை; விளங்காவிட்டால் போடாதே” என்றார்கள். கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாமென்றார்கள். அவர்கள் மனம் நோகாதபடி அது இன்றும் நம் கையில் இருக்கிறது.

நாளை கையெழுத்திடுவோம். குணமாகிவிடுவோம் என்னும் நம்பிக்கையால் அன்று. நமக்குக் கிட்டாத பயன் நமக்குப் பின் வருவோர்க்கேனும் கிட்டலாம் என்பதனால். இல்லாள் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை. ஆயினும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேயர்களே, கை கால் மரத்தோர் அனைவர்க்கும் இந்நோய் என்று அஞ்சற்க. நீரிழிவாலும் சத்துக் குறைவாலும் மரத்துப்போவோரே நம்மிடையே மிகப் பலர். ஆனால், ஒரு கண்ணில் நிறம் வெளுத்தால், நாட்கணக்கில் உடல் மரத்திருந்தால், காலம் தாழ்த்தாது டாக்டரிடம் செல்லுங்கள். அவர் ஏதேனும் தாளை நீட்டினால், படியாது கையெழுத்திடாதீர்கள். படியாது மறுக்கவும் வேண்டாம்.